மாமியின் மெட்போமின்: சாதாரணக் குளிசையா, எஸ்ஆர் குளிசையா?

ஆரையம்பதியில் எங்கள் குசினி மேசையில், போன மாசி மாதம் ஒரு பின்னேரம், இரண்டு விதமான குளிசைகள் அருகருகே கிடந்தன. ஒன்று கிளினிக்கில் கடதாசி உறையில் போட்டுத் தந்தது. மற்றது ஒரு தனியார் டொக்டர் துண்டில் எழுதிக் கொடுத்து, மாமி காசுக்கு வாங்கி வந்த காட். இரண்டும் மெட்போமின், சீனி வருத்தத்துக்குப் போடுகிற மருந்து. இரண்டிலும் 500 மில்லிகிராம். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஐந்நூறுதானே மகன், மறுகா ஏன் இது மட்டும் இவ்வளவு பெரிசு?" என்று கேட்டார்.

நான் மருந்தாளர். 18 வருடமாக மட்டக்களப்பில் குளிசை எண்ணிக் கொடுப்பதுதான் தொழில். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பது வழமை. அதனால் மாமி, மாமா இருவருடைய கிளினிக் கொப்பிகளும் என் பொறுப்பு. பெரியது எஸ்ஆர், அதாவது மருந்தை மெதுவாக விடுகிற குளிசை. "எஸ்ஆர் நல்லதா, சாதாரணம் நல்லதா" என்று இவ்வளவு காலத்தில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். "ஏன் பெரிசு" என்று கேட்டது மாமி மட்டும்தான். எதைத் தெரிவு செய்வது என்பதற்கான பதிலும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

பதில் சொல்வதற்கு முதல், கடதாசி உறையை எடுத்து அலுமாரியில் வைத்தேன். மாமி இரண்டையும் சேர்த்துப் போடுகிற எண்ணத்தில் இருந்தார். நிறம் வேறு, பருமன் வேறு என்றால் மருந்தும் வேறு என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிளினிக்கில் ஒரு டொக்டர், வெளியில் ஒரு டொக்டர் என்று காட்டுகிற வீடுகளில் ஒரே மருந்தை இரண்டு உருவத்தில் போட்டு வருத்தம் கூடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எது நல்லது என்று ஒப்பிடுவதெல்லாம் அப்புறம். இரண்டும் ஒரே மருந்து, ஒன்று வந்தால் மற்றது நிற்க வேண்டும். அது வீட்டில் எல்லோருக்கும் விளங்க வேண்டிய முதல் விடயம்.

மாமிக்கு ஏன் மாற்றம் தேவைப்பட்டது? காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று சாதாரணக் குளிசை போட்டு வந்தார். காலைக் குளிசை போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வயிறு இரையும், பிறகு ஓட்டம். பஸ்ஸில் டவுனுக்குப் போகிற நாளில், கோயிலுக்குப் போகிற நாளில், ஒரு சொல்லும் சொல்லாமல் காலைக் குளிசையை விட்டுவிடத் தொடங்கினார். கிளினிக்கில் சீனி ஏன் கூடியது என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனவே எங்கள் முன்னால் இருந்த தெரிவு இதுதான்: சாதாரணக் குளிசையையே ஒழுங்காகச் சாப்பாட்டோடு போட வைப்பதா, அல்லது எஸ்ஆர் குளிசைக்கு மாறுவதா?

இரண்டு கண்ணாடிக் கிளாசில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்தேன். ஒன்றில் சின்னக் குளிசை, மற்றதில் பெரிய குளிசை. சின்னது பத்து நிமிடத்தில் உடைந்து, அடியில் மாவாகப் படிந்துவிட்டது. பெரியது உடையவில்லை. முதலில் மேற்பக்கம் வழுவழுப்பாகியது, பிறகு ஊதத் தொடங்கியது. ஒரு மணித்தியாலம் கழித்துக் கரண்டியால் எடுத்தபோது ஜெலி மாதிரி வழுக்கியது. கத்தியால் இரண்டாக வெட்டினேன். வெளியில் கண்ணாடி போன்ற ஒரு வளையம், நடுவில் இன்னும் காய்ந்த வெள்ளைப் பொட்டு. மாமி குனிந்து பார்த்துவிட்டு, "அரை அவியல் சவ்வரிசி" என்றார்.

அதை விடச் சரியாக ஒரு பாடப்புத்தகமும் சொல்லாது. சவ்வரிசி அவிகிறபோது வெளிமா தண்ணீரைக் குடித்துக் கண்ணாடியாகிறது. உள்ளே வெள்ளை மிஞ்சுகிறது. நேரம் போகப் போக அந்த வெள்ளை சுருங்குகிறது. பெரிய குளிசையிலும் அதேதான் நடக்கிறது. அதில் மெட்போமினோடு ஹைப்ரோமெல்லோஸ் என்ற பொலிமர் கலந்து அழுத்தியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பல்பகுதியம் என்று படித்த அதே சாதிதான். மரக்கூழிலும் பருத்தியிலும் இருக்கிற செலுலோசில் இருந்து செய்வது. கண் காய்கிறவர்களுக்கு விடும் செயற்கைக் கண்ணீர்த் துளியிலும் இதே பொருள் இருக்கிறது. பெரிய குளிசையின் கூடுதல் பருமன் மருந்து அல்ல, மருந்தைப் பிடித்து வைத்திருக்கிற பொலிமர். மாமியின் கேள்விக்கு அதுதான் பதில்.

வயிற்றுத் தண்ணீர் பட்டவுடன் இந்தப் பொலிமரின் நீண்ட சங்கிலிகள் நீரைக் குடித்து விரிந்து, ஒன்றோடொன்று சிக்கி, குளிசையைச் சுற்றி ஒரு ஜெலிப் படையாகின்றன. உள்ளே இருக்கிற மருந்து கரைந்து, அந்த ஜெலிக்குள்ளால் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவித்தான் வெளியே வர முடியும். அதே நேரம் ஜெலியின் வெளி ஓரமும் மெல்ல மெல்லக் கரைந்து போகிறது. பரவலும் கரைதலும் சேர்ந்துதான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. எவ்வளவு மெதுவாக வரவேண்டும் என்பதை உற்பத்தி செய்கிறவர்கள் பொலிமரின் அளவாலும் அதன் தடிப்பாலும் அமைக்கிறார்கள். தண்ணீரின் பிசுக்குமையை, அதாவது ஓடவிடாமல் தடித்து நிற்கிற தன்மையை, 1 என்று வைத்தால், ஹைப்ரோமெல்லோஸின் ஒரு தரத்தை நூற்றுக்கு 2 பங்கு கரைத்த கரைசல் சுமார் 4,000 வரும். இன்னொரு தரத்தில் அதே அளவு கரைத்தால் சுமார் 100,000 வரும். சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவு தடித்த ஜெலி, அவ்வளவு மெதுவான மருந்து.

தக்கேரு ஹிகுச்சி என்ற அறிஞர் 1961இல் இந்த வகை வெளியேற்றத்துக்கு ஒரு கணக்குச் சொன்னார். வெளியே வந்த மருந்தின் அளவு நேரத்தின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது என்பது அதன் சாரம். அவர் முதலில் எழுதியது பூசுமருந்துகளுக்கு. பிறகுதான் குளிசைக்கும் விரித்தார். ஒரு குளிசையில் இருந்து முதல் மணித்தியாலத்தில் கால்பங்கு வந்தால், பாதி வர 4 மணித்தியாலம் ஆகும், முக்கால் வர 9 மணித்தியாலம் ஆகும். ஏனென்றால் முதலில் வருகிற மருந்து ஓரத்தில் இருந்து வருகிறது, கடைசியில் வருவது நடுவில் இருந்து வர வேண்டும், தூரம் கூடுகிறது. ஊதிக் கரைகிற பொலிமரில் இந்தக் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனாலும் தொடக்கத்தில் சற்று வேகம், பிறகு மெதுவு என்ற வடிவம் அப்படியேதான்.

இரத்தத்தில் இதன் பலன் என்ன? சாதாரண மெட்போமின் போட்டால் சுமார் இரண்டரை மணித்தியாலத்தில் இரத்தத்தில் உச்சிக்குப் போகும். எஸ்ஆர் என்றால் சுமார் 7 மணித்தியாலத்தில். உச்சியும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒரு நாளில் உடம்புக்குள் போகிற மொத்த அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். மாமா இதைக் கேட்டுவிட்டு வயல்காரரின் கணக்கில் சொன்னார்: "குளத்துத் துருசை ஒரேயடியாத் திறந்தா வரம்பு உடையும், நாலாம் நாள் வயல் காயும். ஒள்ளுப்பமாத் திறந்தா எல்லா வயலுக்கும் பாயும்." உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்த மனிதர், அவருக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம். சீனியைக் குறைப்பதில் இரண்டும் ஏறத்தாழச் சமம். எஸ்ஆர் போட்டால் சீனி கூடுதலாக இறங்கும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் காசை வீணாக்குகிறார்கள். எஸ்ஆர் வெல்வது இரண்டு இடத்தில்: வயிற்றுத் தொல்லை குறைவு, ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். சாதாரணக் குளிசை வெல்வது வேறு இடங்களில்: கிளினிக்கில் இலவசம், சின்னது, விழுங்கச் சுகம், தேவைப்பட்டால் பாதியாக்கலாம், எந்த நிறுவனத்தின் குளிசையாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இராது. வயிறு ஒத்துக்கொள்கிறவர், காலையும் இரவும் மறக்காமல் போடுகிறவர், சாதாரணக் குளிசையிலேயே இருக்கலாம். மாற வேண்டிய ஒரு காரணமும் இல்லை. இதை நான் பாமசியில் நின்றுகொண்டே சொல்வேன்.

சாதாரணக் குளிசையிலேயே வயிறு சரியாக ஒரு வழியும் இருக்கிறது. வெறும் வயிற்றில் போடுகிறவர்கள் சாப்பாட்டின் நடுவில் போட்டுப் பார்க்க வேண்டும். தொடக்கத்திலேயே முழு அளவில் தொடங்கியவர்கள், டொக்டரிடம் சொல்லி, குறைந்த அளவில் தொடங்கிக் கிழமைக்குக் கிழமை கூட்டிப் பார்க்க வேண்டும். பலருக்கு இரண்டு மூன்று கிழமையில் வயிறு பழகிவிடும். மாமியிடம் இதைச் செய்து பார்த்தோம். பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு முடிகிற நேரம் குளிசை. இரைச்சல் குறைந்தது, ஓட்டம் நிற்கவில்லை. அதனால்தான் எஸ்ஆர்.

எஸ்ஆர் மெட்போமினை இரவுச் சாப்பாட்டோடு போடச் சொல்வதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. மெட்போமினை உடம்பு உறிஞ்சிக்கொள்வது பெரும்பாலும் சிறுகுடலின் மேற்பகுதியில். குளிசை அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டால் உள்ளே மிஞ்சிய மருந்து வீண். சாப்பாடு இருக்கிற இரைப்பை மெதுவாகத்தான் வெறுமையாகும். ஊதிப் பெருத்த குளிசை அங்கே கூடுதல் நேரம் தங்கி, மருந்தைத் துளித்துளியாகக் கீழே அனுப்பும். வெறும் வயிற்றில் போட்டதை விடச் சாப்பாட்டோடு போட்டால் உடம்பு எடுத்துக்கொள்ளும் அளவு ஏறத்தாழ அரைப்பங்கு கூடுகிறது. இரவில் ஒரு பிளேன்ரீயோடு படுத்துவிடுகிறவர்களுக்கு எஸ்ஆர் குளிசை சரிவராது. அவர்கள் முதலில் இராச்சாப்பாட்டை ஒழுங்குபடுத்த வேண்டும். கடும் வயிற்றோட்டம் நாட்பட்டு இருக்கிறவர்களுக்கும் அப்படித்தான். குடல் வேகமாகத் தள்ளினால் குளிசை வேலை முடிக்க முதல் போய்விடும்.

காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் நோன்பு காலத்தில் இந்தக் கேள்விக்கு வேறு முகம். நாளைக்கு ஒரு தடவை எஸ்ஆர் மெட்போமின் போடுகிறவர் அதை நோன்பு திறக்கிற நேரத்தில் சாப்பாட்டோடு போடலாம். சாதாரணக் குளிசை இரண்டு வேளை போடுகிறவர் நோன்பு திறக்கும்போது ஒன்று, சஹரில் ஒன்று. இரண்டு வழியிலும் நோன்பு பிடிக்கலாம், ஆனால் மாதம் தொடங்க முதல் டொக்டரிடம் கேட்டுத்தான். இன்சுலின் போடுகிறவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். இன்னொரு கேள்வியும் அங்கே எனக்கு வரும்: காப்ஸ்யூல் உறை எதில் செய்தது? பெரும்பாலான காப்ஸ்யூல் உறைகள் விலங்கில் இருந்து எடுக்கும் ஜெலட்டின். ஹைப்ரோமெல்லோஸ் செடியில் இருந்து வருகிறது. சைவக்காரருக்கும் இது உதவும் தகவல்தான்.

சரி, எஸ்ஆர் என்று தீர்மானித்தாலும் வேலை முடியவில்லை. காட்டின் மேல் எஸ்ஆர், எக்ஸ்ஆர், எக்ஸ்எல், எம்ஆர் என்று எந்த எழுத்து இருந்தாலும், உள்ளே மருந்தைப் பிடித்து வைத்திருக்கிற முறை ஒன்றல்ல. எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்பது அதில்தான் இருக்கிறது.

மாமியின் குளிசை ஜெலி வகை. இதில் ஒரு நல்ல குணம்: எங்கோ ஒரு கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் புதிய ஜெலி உண்டாகி மூடிக்கொள்ளும். அதனால் உடைந்தாலும் உடனே ஆபத்து வராது. ஆனால் வேகம் மாறும். 12 மில்லிமீற்றர் அகலம், 6 மில்லிமீற்றர் உயரமுள்ள ஒரு வட்டக் குளிசையை நடுவால் வெட்டினால் தண்ணீர் படுகிற பரப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அந்தளவுக்கு மருந்து விரைவாக வரும். உரலில் இடித்தாலோ, ஜெலி கட்ட ஒரு உடம்பே இல்லை. சாதாரணக் குளிசையை விட மோசமாக, ஒரு நாளைக்கான அளவு முழுவதும் ஒரே தடவையில் இறங்கிவிடும்.

இரண்டாவது வகை மணி வகை. கடுகை விடச் சின்ன மணிகளில் மருந்தைப் பூசி, அதன் மேல் தண்ணீரில் கரையாத பொலிமரை, எதைல்செலுலோசையோ அக்ரிலிக் பொலிமரையோ, மெல்லிய தோலாகப் பூசுவார்கள். ஸ்மித் க்லைன் அன்ட் பிரெஞ்ச் நிறுவனம் 1952இல் இப்படியான மணிகளைக் காப்ஸ்யூலில் அடைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மணிக்கு மணி பூச்சின் தடிப்பு வேறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் திறக்கும். நூற்றுக்கணக்கான மணிகள் குடல் முழுக்கப் பரவுவதால் ஒரே இடத்தில் மருந்து குவியாது. விழுங்க முடியாதவர்களுக்கு இது ஒரு வாய்ப்பு. சில காப்ஸ்யூல்களைத் திறந்து மணிகளை ஒரு கரண்டி தயிரில் தூவி, கடிக்காமல் விழுங்கலாம் என்று அதன் தாளிலேயே எழுதியிருக்கும். இதய வருத்தத்துக்குக் கொடுக்கிற மெட்டோபுரொலோல் சக்சினேட் குளிசையும் இந்த மணிகளை அழுத்திச் செய்ததுதான். அதை நடுக்கோட்டில் பாதியாக்கலாம், மென்று தின்னக் கூடாது. மணியை நசுக்கினால் தோல் கிழிந்துவிடும், மாமியின் குளிசையைப் போலத் தானாக மூடிக்கொள்ளாது. சில தோல்களுக்குச் சாராயமும் ஆகாது. காப்ஸ்யூலில் வந்த மெதுவான ஹைட்ரோமோர்போன் என்ற வலிமருந்து, மதுவோடு சேர்ந்தால் முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டிவிடும் என்று கண்டு, 2005இல் அமெரிக்கச் சந்தையில் இருந்து எடுக்கப்பட்டது.

மூன்றாவது வகை எனக்கு எப்போதும் பிரமிப்புத் தருவது. பிரசாரணப் பம்பி. பீலிக்ஸ் தீயூவெஸ் என்பவர் 1975இல் எழுதி வெளியிட்ட முறை. தண்ணீரை மட்டும் உள்ளே விடுகிற ஒரு பொலிமர் ஓடு, அதில் லேசர் போட்ட ஊசிமுனைத் துவாரம். தண்ணீர் ஓட்டுக்குள்ளால் உள்ளே ஏற ஏற, அழுத்தம் மருந்தைத் துவாரத்தால் வெளியே தள்ளும். சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வயிறு புளித்தாலும் புளிக்காவிட்டாலும், வேகம் பெரிதாக மாறாது. மூன்று வகைகளிலும் மிகச் சீரான மணிக்கூடு இதுதான். ஆனால் வெட்டினால் எல்லாம் போச்சு. அத்தோடு ஓடு கரையாது, அப்படியே மலத்தோடு போகும். குடலில் எங்காவது ஒடுக்கம் இருக்கிறவர்களுக்கு இந்த வகை கூடாது. இந்தோமெதசினை இப்படிப் பம்பியாகச் செய்த ஒரு குளிசையை, குடலில் துவாரம் விழுந்த சம்பவங்களுக்குப் பிறகு 1983இல் பிரித்தானியாவில் திரும்ப எடுத்தார்கள். நல்ல மணிக்கூடு என்பதால் எல்லா மருந்துக்கும் பொருந்தும் என்று இல்லை.

குடலில் கரைகிற பூச்சுப் போட்ட அஸ்பிரின், டைக்ளோபெனாக் குளிசைகளையும் எஸ்ஆர் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அது வேறு. இரைப்பையின் அமிலத்தில் கரையாமல், குடலில் போய்க் கரைகிற பூச்சு. தாமதமாகத் தொடங்கும், மெதுவாக விடாது. அதையும் இடிக்கக் கூடாது என்பது மட்டும் பொது.

இந்த வகைகளைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் மாமா. நான்கு வருடத்துக்கு முன்னர் அவருக்குக் காய்ச்சலும் தொண்டை நோவும். எச்சில் விழுங்கவே கஷ்டம். பிறசருக்குப் போடுகிற மெதுவான நிபெடிபின் குளிசையை என் மனைவி அன்போடு சின்ன உரலில் இடித்து, தேனில் குழைத்துக் கொடுத்தா. அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, தலை சுத்துகிறது என்று சொல்லிக்கொண்டே முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். கிணற்றுக் கட்டில் நெற்றி பட்டு மூன்று தையல். ஆஸ்பத்திரியில் பிறசர் இறங்கியிருந்தது, இரவு முழுக்க வாட்டில் வைத்துப் பார்த்தார்கள். அந்த உறையில் "காலை 1, இரவு 1" என்று இருந்தது. இடிக்க வேண்டாம் என்று யாரும் எழுதவில்லை. வீட்டில் இருந்த மருந்தாளர் நான், நானும் சொல்லி வைக்கவில்லை. மனைவி அன்று வாட்டு வாசலில் அழுத அழுகை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு என் கையால் போகிற ஒவ்வொரு எஸ்ஆர் உறையிலும் சிவப்புப் பேனையால் எழுதித்தான் கொடுக்கிறேன்.

நிபெடிபினின் அரைவாழ்வு, அதாவது இரத்தத்தில் இருக்கிற மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 2 மணித்தியாலம் அளவுதான். வேகமாக உள்ளே போனால் இரத்தக் குழாய்களைச் சட்டென்று விரித்துப் பிறசரைக் கீழே தள்ளிவிடும். ஒரு காலத்தில் வேகமான நிபெடிபின் காப்ஸ்யூலைக் கடித்து நாக்கின் கீழ் வைத்துப் பிறசரை இறக்கினார்கள். பக்கவாதமும் மாரடைப்பும் வந்த பிறகு, 1990களின் நடுவில் அந்தப் பழக்கம் கூடாது என்று எச்சரிக்கை வந்தது. மெட்போமினில் எஸ்ஆர் ஒரு வசதி. மாறலாம், மாறாமலும் இருக்கலாம். பிறசருக்கு நாள்தோறும் போடுகிற நிபெடிபினில் மெதுவான குளிசைதான் மருந்து. அங்கே தெரிவுக்கே இடமில்லை. ஆகவே, "எஸ்ஆர் தேவையா" என்று யாராவது கேட்டால், நான் முதலில் கேட்பது மருந்தின் பெயரை.

விழுங்கும் கஷ்டம் நிரந்தரமாக இருக்கிறவர்களுக்கு, பக்கவாதம் வந்தவர்களுக்கு, மூக்கால் குழாய் போட்டவர்களுக்கு, எஸ்ஆர் வேண்டவே வேண்டாம். அவர்களுக்குச் சாதாரணக் குளிசையையோ திரவ மருந்தையோ, அல்லது இயல்பாகவே நீண்ட நேரம் நிற்கிற வேறு மருந்தையோ டொக்டர் எழுதுவார். பிறசருக்கு அம்லோடிபின் அப்படியானது. அதன் அரைவாழ்வே 30 மணித்தியாலத்துக்கு மேல், பொலிமர் இல்லாமலே நாளைக்கு ஒன்று போதும். மாமாவுக்கும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு டொக்டரிடம் இதைக் கேட்டேன். அவருக்கு நிபெடிபின் நன்றாகப் பொருந்தியிருந்ததால் முழுசாக விழுங்கும் நிபந்தனையோடு அதையே தொடர்ந்தார்.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை இரண்டு மெட்போமினும் ஒன்று. மெட்போமின் மாறாமல் சிறுநீரோடுதான் போகிறது. சிறுநீரகம் வடிக்கும் அளவு, அதாவது இஜிஎப்ஆர், 30க்குக் கீழே போனால் இரண்டும் கூடாது. நெடுங்காலம் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் இரண்டுக்கும் பொது. எஸ்ஆர் என்றால் சிறுநீரகத்துக்குப் பாரம் குறைவு என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. அதை நம்ப வேண்டாம்.

காசு விடயத்தில் என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன். எஸ்ஆர் வாங்கினால் மாதம் முழுக்க வாங்க முடிய வேண்டும். பத்து நாள் எஸ்ஆர், மிச்ச இருபது நாள் ஒன்றுமில்லை என்று இருப்பவர்களை விட, முப்பது நாளும் கிளினிக்கின் இலவசக் குளிசை போடுகிறவரின் சீனி நன்றாக இருக்கும். மகன் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிற மாதம் பெரிய குளிசை, அனுப்பாத மாதம் சின்னக் குளிசை என்று மாறி மாறிப் போடுவதும் நல்லதல்ல. வாங்கத் தொடங்கினால் ஒரே நிறுவனத்தின் குளிசையையே வாங்குங்கள். சாதாரணக் குளிசையில் நிறுவனம் மாறினால் பெரிய சிக்கல் இல்லை, எல்லாமே கெதியாக உடைந்து கரைய வேண்டியவைதான். எஸ்ஆர் குளிசையின் சோதனை கடினமானது. உடம்புச் சூட்டில், 37 பாகையில், துடுப்புச் சுழலுகிற ஒரு பாத்திரத்தில் போட்டு, சில மணித்தியால இடைவெளியில் எவ்வளவு மருந்து வந்தது என்று பார்ப்பார்கள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒவ்வொரு நிறுவனமும் வேறு பொலிமரால், வேறு அளவால் அந்த வரம்புக்குள் வருகிறது. தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதிந்த மருந்தா என்று காட்டில் பதிவிலக்கம் பார்த்து வாங்குங்கள். அந்தச் சபையை உருவாக்கியது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். கிளினிக் குளிசையைப் போலக் காட்டில் இருந்து பிரித்து ரின்னில் போட்டு வைக்க வேண்டாம். மார்கழி மழையில் எங்கள் ஊர்க் காற்றே தண்ணீர். தண்ணீரைக் குடிக்கவென்றே செய்த பொலிமர் காற்றில் இருந்தும் குடிக்கும்.

மாமிக்கு என்ன செய்தோம்? முதல் கிழமை இரவுச் சோற்றோடு எஸ்ஆர் ஒன்று. இரண்டாம் கிழமையில் இருந்து இரண்டு. அடுத்த கிளினிக்கில் கொப்பியையும் காட்டையும் சேர்த்து டொக்டர் முன்னால் வைத்தோம், அவர் கொப்பியில் எழுதிச் சாதாரணக் குளிசையை நிறுத்தினார். வயிற்றோட்டம் மூன்றாம் கிழமையில் நின்றது. காலையில் இப்போது அவருக்குக் குளிசையே இல்லை, கோயிலுக்கும் டவுனுக்கும் பயமில்லாமல் போய் வருகிறார்.

ஒரு காலை மட்டும் முகம் கறுத்துப்போய் வந்தார். "மகன், குளிசை கரையல்ல, அப்படியே வெளிய வந்திட்டு. ராத்திரி போட்டது வீண்." கிளாசில் அடுத்த நாள் காலை மிஞ்சிக் கிடந்த சின்ன ஜெலிக் கட்டியை ஞாபகப்படுத்தினேன். மருந்து போய்விட்டது, வந்தது வெறும் பொலிமர், உடம்பு அதை எடுத்துக்கொள்வதில்லை. யாராவது முன்னரே சொல்லியிருந்தால் மாமி பயந்திருக்க மாட்டார். உங்கள் வீட்டில் எஸ்ஆர் போடுகிறவருக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இதைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்களும், இரண்டாவது குளிசை போட்டவர்களும் இருக்கிறார்கள்.

மழை வெள்ளத்தில் பாதை மூடி, பாமசியில் எஸ்ஆர் முடிந்துவிட்டால் என்ன செய்வது என்றும் டொக்டரிடம் கேட்டு வைத்தோம். அலுமாரியில் ஒரு கிழமைக்குரிய சாதாரணக் குளிசை இருக்கிறது. எஸ்ஆர் இல்லாத நாளில் மட்டும், காலையும் இரவும் சாப்பாட்டோடு ஒவ்வொன்று. அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதினேன்: "பெரியது இருக்கிற நாளில் சின்னது போடக் கூடாது. பெரியதை இரவுச் சாப்பாட்டோடு முழுசாக விழுங்க வேண்டும்." இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். அதன் கீழே மாமி பென்சிலால் ஒரு வரி சேர்த்திருந்தார்: "அவருடையதையும் இடிக்கக் கூடாது."